இரு நகரங்களின் வரவு செலவுக் கணக்கு



ஒரே லயத்தில் அடுத்தடுத்து இரண்டு குடும்பங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரு வீட்டிலும் ஆறு பேர். இரு வீட்டிலும் கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிறார்கள். சம்பளமும் ஏறக்குறைய ஒன்றுதான். மாதக் கடைசியில் பார்த்தால் ஒரு வீட்டில் செலவு அதிகம், மற்ற வீட்டில் குறைவு. உடனே அக்கம்பக்கத்தார் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள்: "அந்த அம்மா சிக்கனக்காரி, இந்த அம்மா கையில் காசு தங்காது." ஆனால் செலவு அதிகமான வீட்டில் மகளைப் பட்டணத்து இடைநிலைப் பள்ளிக்குப் பேருந்தில் அனுப்புகிறார்கள் என்பதையும், செலவு குறைந்த வீட்டில் இருமும் பிள்ளையை மருத்துவரிடம் காட்டவில்லை என்பதையும் தெரிந்துகொண்ட பிறகு, அதே தீர்ப்பைச் சொல்ல முடியுமா?

குடும்பத்துக்குள்ள இந்த நியாயம் நகரத்துக்கும் உண்டு. ஒரே அளவான இரு நகரங்களின் செலவை ஒப்பிட்டு, இது நல்ல நிர்வாகம், அது கெட்ட நிர்வாகம் என்று சொல்வது எளிது. அப்படிச் சொல்வதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதை, இங்கிலாந்தின் இரு தொழில் நகரங்களின் வரலாற்றைக் கொண்டு இன்று ஆராய்வோம். ஒன்று மான்செஸ்டர், பருத்தி ஆலைகளின் நகரம். மற்றொன்று பர்மிங்ஹாம், ஆணி, திருகாணி, பொத்தான், துப்பாக்கி முதலியவற்றைச் செய்த உலோகப் பட்டறைகளின் நகரம்.

இவ்விரண்டும் இரட்டைப் பிள்ளைகள் போல வளர்ந்தவை. இரண்டும் நாடாளுமன்றத்துக்கு உறுப்பினர் அனுப்பும் உரிமையை 1832இல் பெற்றன. இரண்டுக்கும் 1838இல் நகர மன்றம் அமைந்தது. 1871ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மான்செஸ்டரில் சுமார் 3 லட்சத்து 51 ஆயிரம் பேர். பர்மிங்ஹாமில் சுமார் 3 லட்சத்து 44 ஆயிரம் பேர். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு இதைவிடப் பொருத்தமான இணை கிடைப்பது அரிது.

இரு நகரங்களிலும் பணம் எப்படி வந்தது? வீடு, கடை, ஆலை ஆகியவற்றின் ஆண்டு வாடகை மதிப்பைக் கணக்கிட்டு, ஒரு பவுண்டுக்கு இத்தனை பென்னி என்று வரி விதித்தார்கள். ஏழைத் தொழிலாளி அந்த வரியைத் தன் கையால் கட்டாமல் இருக்கலாம். வீட்டுக்காரர் வாரந்தோறும் வாங்கும் வாடகைக்குள் அது அடங்கியிருக்கும். ஆகவே நகர மன்றம் செலவு செய்தால் அதன் பாரம் எல்லாரையும் தொட்டது. செலவு செய்யாவிட்டாலும் ஒரு பாரம் வந்து சேர்ந்தது. அதைத் தாங்கியவர்கள் யார் என்பதைப் பின்னால் காண்போம்.

முதலில் மான்செஸ்டரைப் பார்ப்போம். நகர மன்றம் ஏற்படுவதற்கு முன்பே, 1817இல், அந்நகரின் ஆணையர் குழு விளக்கெரிக்கும் வாயுவை நிலக்கரியிலிருந்து தயாரிக்கும் ஆலையொன்றைப் பொதுப் பணத்தில் நிறுவியது. மற்ற ஊர்களில் தனியார் கம்பெனிகள் செய்த வாணிபத்தை இங்கே ஊரே செய்தது. கிடைத்த இலாபத்தைக் கொண்டு தெருக்களை அகலப்படுத்தினார்கள். வரியை ஏற்றாமல் ஊரைச் சீர்செய்ய இது நல்ல வழி என்று சொத்துக்காரர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் வாயு வாங்கிய கடைக்காரர்கள், "எங்களுக்கு விலையைக் குறைக்காமல், அந்த இலாபத்தில் உங்கள் வரியைக் குறைத்துக்கொள்கிறீர்களே" என்று முறையிட்டார்கள். வரி என்ற பெயரில் வாங்கினாலும், விலை என்ற பெயரில் வாங்கினாலும், பணம் யாரோ ஒருவர் பையிலிருந்துதான் வருகிறது. அந்த யாரோ ஒருவர் யார் என்று கேட்க வேண்டும் என்பது இதிலிருந்து கிடைக்கும் முதற் பாடம்.

அடுத்தது தண்ணீர். 1842இல் எட்வின் சாட்விக் என்பவர் தொழிலாளர்களின் சுகாதார நிலை பற்றி அரசுக்காகத் தயாரித்த அறிக்கை வெளிவந்தது. மான்செஸ்டரின் தொழிலாளர் குடும்பங்களில் இறந்தோரின் சராசரி வயது 17 என்று அதில் இருந்தது. ரட்லாந்து என்ற நாட்டுப்புற வட்டாரத்திலோ, அதே நிலைத் தொழிலாளர் குடும்பங்களில் அது 38. பதினேழு வயதில் எல்லாரும் இறந்தார்கள் என்பது இதன் பொருளன்று. ஐந்து வயதுகூட நிரம்பாத குழந்தைகள் அவ்வளவு பேர் மாண்டதால் சராசரி அப்படித் தாழ்ந்தது. கெட்ட தண்ணீரும், வடியாத சாக்கடையும், நெருக்கமான வீடுகளும் அதற்குக் காரணம்.

1847இல் மான்செஸ்டர் மன்றம் சட்டம் பெற்றுத் தனியார் தண்ணீர்க் கம்பெனியை வாங்கியது. பேட்மன் என்ற பொறியாளர், நகருக்குக் கிழக்கே லாங்டென்டேல் பள்ளத்தாக்கில் அணைகளைக் கட்டத் தொடங்கினார். 1851இல் மலைத் தண்ணீர் நகருக்கு வந்தது. முழுத் திட்டமும் முடிய 1877 வரை ஆயிற்று. இதற்காக ஆலை, கிடங்கு உள்ளிட்ட எல்லாச் சொத்துகளின் மேலும் ஒரு பொது வரி, குடியிருக்கும் வீடுகளின் மேல் தனியாக ஒரு வரி என இரு பங்காக வசூலித்தார்கள். தண்ணீர் குடிப்பவன் மட்டுமன்றி, நோயற்ற தொழிலாளியால் பயன்பெறும் முதலாளியும் தன் பங்கைக் கொடுக்க வேண்டும் என்பது அதன் கருத்து.

இனி பர்மிங்ஹாமுக்கு வருவோம். 1850களில் அங்கே மன்றத்தை நடத்தியவர்கள் தங்களைச் சிக்கனக்காரர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். ஜோசப் ஆல்டே என்பவர் அவர்களின் தலைவர். சிறு கடைக்காரர்களும் சிறு வீட்டுக்காரர்களும் அந்தக் கட்சிக்குப் பின்னால் நின்றார்கள். அவர்களைக் குறை சொல்வது எளிது. ஆனால் அவர்கள் நிலையிலிருந்தும் பார்க்க வேண்டும். வாரக் கடைசியில் நாலு காசு மிஞ்சினால் போதும் என்றிருந்தவர்களுக்கு ஒவ்வொரு பென்னி வரியும் கடித்தது. ஆகவே, "வரியை ஏற்றாதே, கடன் வாங்காதே" என்பதே அவர்கள் கொள்கை. 1857இல் அனுபவமுள்ள நகரப் பொறியாளரான பிகாட் ஸ்மித்தை வேலையிலிருந்து நீக்கிவிட்டு, குறைந்த சம்பளத்தில் அவருடைய உதவியாளரை அந்த இடத்தில் அமர்த்தினார்கள்.

ஏட்டில் பார்த்தால் அக்காலத்துப் பர்மிங்ஹாம் சிக்கனமான நகரம். ஏட்டுக்கு வெளியே நடந்தது என்ன? நகரத்துச் சாக்கடையெல்லாம் டேம் ஆற்றில் கலந்தது. ஆற்றோரத்தில் நிலம் வைத்திருந்த ஆடர்லி என்ற பிரபு, ஆறு நாறுகிறது, கால்நடை குடிக்க முடியவில்லை என்று வழக்குத் தொடுத்தார். இரண்டரை லட்சம் மக்களின் வசதிக்காகத்தான் இப்படிச் செய்கிறோம் என்று மன்றம் வாதாடியது. 1858இல் நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்காமல் மன்றத்துக்குத் தடை உத்தரவு போட்டது. தள்ளிப்போட்ட செலவு, பிறகு வழக்குச் செலவோடு சேர்ந்து வந்தது. கடைசியில் 1877இல் சுற்றுப்புற ஊர்களோடு சேர்ந்து ஒரு வடிகால் வாரியம் அமைக்கும்வரை அந்தத் தலைவலி தீரவில்லை.

ஆடர்லி பிரபுவிடம் வழக்காடப் பணம் இருந்தது. ஊருக்குள் பின்சந்துகளில் வாழ்ந்த ஏழைகளுக்கு அது இல்லை. சாக்கடை ஊறிய கிணற்றுத் தண்ணீரை அவர்கள் குடித்தார்கள். தண்ணீர்க் கம்பெனியும் இரண்டு வாயுக் கம்பெனிகளும் தனியாரிடம் இருந்தன. மான்செஸ்டர் 1847இல் தொட்ட வேலையைப் பர்மிங்ஹாம் கால் நூற்றாண்டுக்கு மேல் தொடவில்லை. வரி குறைவாக இருந்தது உண்மைதான். மிச்சப்பட்ட பணத்தைச் சொத்துக்காரர் பையில் வைத்துக்கொண்டார். அதன் விலையைச் சந்துக் குழந்தைகள் நோயாகக் கொடுத்தார்கள். நகர மன்றத்தின் கணக்கு ஏட்டில் இந்த விலைக்குப் பத்தியே கிடையாது.

1873 நவம்பரில் ஜோசப் சேம்பர்லின் பர்மிங்ஹாமின் மேயரானார். திருகாணித் தொழிற்சாலை நடத்திப் பணம் சேர்த்தவர். 1876 வரை மூன்று ஆண்டுகள் பதவியில் இருந்தார். கடனைக் கண்டு அவர் அஞ்சவில்லை. எதற்காகக் கடன் என்பதையே பார்த்தார். 1875இல் இரண்டு வாயுக் கம்பெனிகளையும் சுமார் 20 லட்சம் பவுண்டுக்கு மன்றம் வாங்கியது. முதல் ஆண்டிலேயே 34,000 பவுண்டு இலாபம் கிடைத்தது. 1876இல் தண்ணீர்க் கம்பெனியை 13 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டுக்கு வாங்கினார்கள். இங்கே சேம்பர்லின் ஒரு வேறுபாடு செய்தார். வாயுவில் இலாபம் எடுக்கலாம்; தண்ணீரில் எடுக்கக்கூடாது. தண்ணீரின் இலாபம் பணமாக வராது, மக்களின் உடல்நலமாக வரும் என்பது அவர் வாதம்.

இப்போது ஒரு கேள்வி. 1870இலும் 1880இலும் பர்மிங்ஹாமின் கணக்கை எடுத்துப் பார்த்தால் என்ன தெரியும்? பத்தே ஆண்டில் கடன் பல மடங்கு பெருகியிருக்கும். ஊதாரி நகரம் என்று தோன்றும். ஆனால் அதே வாயுவுக்கும் அதே தண்ணீருக்கும் மக்கள் முன்பும் பணம் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள், கம்பெனிக்கு. இப்போது அதை மன்றத்துக்குக் கொடுத்தார்கள். கம்பெனியின் ஏட்டில் இருந்த கணக்கு மன்றத்தின் ஏட்டுக்கு இடம் மாறியது. ஆகவே இரு நகரங்களை ஒப்பிடும்போது, ஒவ்வொரு மன்றமும் என்னென்ன வேலைகளைத் தன் பொறுப்பில் வைத்திருக்கிறது என்று பார்க்காமல் மொத்தத் தொகையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம்.

நிலப்பரப்பையும் பார்க்க வேண்டும். தோட்டத்தில் வாழும் நமக்கு ஏக்கர் கணக்கு எளிதில் விளங்கும். 1871இல் மான்செஸ்டர் நகர எல்லைக்குள் சுமார் 4,300 ஏக்கர் நிலம். பர்மிங்ஹாமில் சுமார் 8,400 ஏக்கர். மக்கள் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை. இடமோ மான்செஸ்டரில் பாதி. இடம் பரந்தால் சாலையும் குழாயும் நீளும். இடம் நெருங்கினால் நோயும் குப்பையும் பெருகும். தலைக்கு இத்தனை செலவு என்று வகுத்துப் பார்க்கும் கணக்கில் இது எதுவும் தெரியாது.

இதுவரை கேட்டவர்கள், அதிகம் செலவழித்த நகரமே சிறந்த நகரம் என்று எண்ணிவிடக்கூடாது. செலவுப் பக்கத்திலும் சில கசப்பான செய்திகள் உண்டு.

மான்செஸ்டர் நல்ல தண்ணீர் கொண்டுவந்தது. 1877இல் சுமார் 10 லட்சம் பவுண்டில் கம்பீரமான நகர மண்டபமும் கட்டியது. ஆனால் தொழிலாளர் தெருக்களில் வாளிக் கக்கூஸ் முறையே நீடித்தது. நகரத்துக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பெரிய நிலையம் டேவிஹியூம் என்ற இடத்தில் 1894இல்தான் திறக்கப்பட்டது. தண்ணீருக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு வடிகாலுக்குக் கையை இறுக்கியதால், மான்செஸ்டரின் இறப்பு விகிதம் பர்மிங்ஹாமைவிட உயர்ந்தே இருந்தது. நல்ல செலவும் பாதியில் நின்றால் முழுப் பலன் தராது.

அதே 1894இல் மான்செஸ்டர் கப்பல் கால்வாய் திறக்கப்பட்டது. அதை வெட்டிய கம்பெனி பணமின்றித் தவித்தபோது, 1891, 1892 ஆண்டுகளில் நகர மன்றம் மொத்தம் 50 லட்சம் பவுண்டு கடன் கொடுத்து அதைக் காப்பாற்றியது. இதனால் மான்செஸ்டரின் கடன் பர்மிங்ஹாமின் கடனுக்கு முன்னால் மலையாகத் தெரிந்தது. ஆனால் அது தெருவுக்கும் விளக்குக்கும் போன பணமன்று. நகரத்தின் வாணிபத்துக்காகப் போட்ட முதல். அன்றாடச் செலவு வேறு, நீண்ட காலத்துக்குப் போடும் முதல் வேறு. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தக்கூடாது.

பர்மிங்ஹாமின் கதையிலும் ஒரு கறை உண்டு. 1875இல் வந்த ஒரு சட்டம், நோய் மலிந்த குடியிருப்புகளை இடித்துச் சீரமைக்க மன்றங்களுக்கு அதிகாரம் தந்தது. அதைக் கொண்டு சேம்பர்லின் நகரத்தின் நடுவே இருந்த குடிசைப் பகுதிகளை வாங்கினார். 1878இல் அங்கே கார்ப்பரேஷன் தெரு என்ற அகன்ற கடைத்தெருவை அமைக்கத் தொடங்கினார்கள். மன்றம் நிலத்தை விற்கவில்லை. 75 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. குத்தகை முடிந்தபின் நிலமும் கட்டடமும் நகரத்துக்கே திரும்பும். கணக்குப்படி இது மிகக் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. ஆனால் வீடு இடிக்கப்பட்டவர்கள் எங்கே போனார்கள்? பக்கத்துச் சந்துகளில், ஏற்கெனவே நெருக்கமாக இருந்த வீடுகளில் புகுந்தார்கள். மன்றம் 1890இல்தான் தன் செலவில் முதல் தொழிலாளர் வீடுகளைக் கட்டியது. எத்தனை வீடுகள்? இருபத்திரண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரு நகரங்களும் பிற்பாடு தொலைதூரத்திலிருந்து தண்ணீர் கொண்டுவந்தன. மான்செஸ்டருக்கு 96 மைல் தொலைவிலுள்ள திர்ல்மியர் ஏரியிலிருந்து 1894இல் தண்ணீர் வந்தது. பர்மிங்ஹாமுக்கு வேல்ஸ் நாட்டின் இலான் பள்ளத்தாக்கிலிருந்து 73 மைல் தூரம் வாய்க்காலும் குழாயும் அமைத்து 1904இல் கொண்டுவந்தார்கள். அந்தப் பள்ளத்தாக்கில் குடியிருந்த சுமார் நூறு பேர் வீடு இழந்தார்கள். நஷ்ட ஈடு நிலச் சொந்தக்காரர்களுக்குக் கிடைத்தது, குடியிருந்தவர்களுக்கு இல்லை. தோட்டம் விற்கப்பட்டு லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களுக்கு இந்தச் செய்தியை நான் விளக்க வேண்டியதில்லை.

நேயர்களே, இந்த இங்கிலாந்துக் கதைக்கும் நமக்கும் தொடர்பு உண்டு. நம் நாட்டு நகராண்மை முறையை அமைத்தவர்கள் ஆங்கிலேயர். சொத்தின் ஆண்டு வாடகை மதிப்பைக் கொண்டு வரி விதிக்கும் பழக்கமும் அவ்வழியே வந்தது. இன்றும் நாட்டின் பெரும்பாலான இடங்களில் மதிப்பீட்டு வரிக்கு அதுவே அடிப்படை. பினாங்கு ஜார்ஜ் டவுனின் நகர மன்றம் ஒரு காலத்தில் மான்செஸ்டரைப் போலவே வாணிபமும் செய்தது. மின்சாரம் வழங்கியது, பேருந்து ஓட்டியது. ஈப்போவிலோ மின்சாரம் தனியார் கம்பெனியின் கையில் இருந்தது. ஆகவே அந்நாளைய ஜார்ஜ் டவுன் கணக்கையும் ஈப்போ கணக்கையும் பக்கத்தில் வைத்து, இவர்கள் அதிகம் செலவழித்தார்கள், அவர்கள் குறைவாகச் செலவழித்தார்கள் என்று சொன்னால் அது பிழையான ஒப்பீடு. இன்றைய நம் மன்றங்களையும் இங்கிலாந்து நகரங்களோடு அப்படியே ஒப்பிட முடியாது. குடிநீரும், பள்ளிக்கூடமும், போலீசும் நம் ஊராட்சி மன்றங்களின் பொறுப்பில் இல்லை.

கணக்கைக் கேட்பவர் யார் என்பதும் முக்கியம். பர்மிங்ஹாமில் ஆல்டேயையும் சேம்பர்லினையும் மன்றத்துக்கு அனுப்பியவர்கள் வரி கட்டிய வாக்காளர்கள். நம் நாட்டில் 1951இல் ஜார்ஜ் டவுனில் தொடங்கிய நகராண்மைத் தேர்தல்கள் 1965இல் நிறுத்தி வைக்கப்பட்டன. ஊராட்சி மன்றங்களை ஆராய அதே ஆண்டு அமைந்த அரச ஆணையத்துக்கு நம்மவரான செனட்டர் ஆதி நாகப்பன் தலைமை தாங்கினார். 1968இல் முடிந்த அதன் அறிக்கை, தேர்தல் மீண்டும் வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆயினும் 1976ஆம் ஆண்டின் ஊராட்சி மன்றச் சட்டம், உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கும் முறையை நிலைநாட்டியது. வாக்குச் சீட்டு இல்லாத இடத்தில் கணக்கு கேட்கும் பழக்கமும் மங்கிப்போவது இயல்பு. மங்கவிடாமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது.

தோட்டத்தில் வாழ்ந்த நாளில் இதெல்லாம் நமக்கு எட்டாத செய்தியாக இருந்தது. தோட்டம் தனியார் நிலம். தண்ணீர், வடிகால், குப்பை எல்லாம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. 1966, 1990ஆம் ஆண்டுகளின் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டங்களும் அதை முதலாளியின் கடமையாகவே வைத்தன. இன்றோ நம்மில் பலர் பட்டணத்து ஓரங்களில் அடுக்குமாடியிலும் மலிவு வீட்டிலும் குடியேறிவிட்டோம். ஆண்டுக்கு இரண்டு முறை மதிப்பீட்டு வரிச் சீட்டு நம் பெயருக்கே வருகிறது. அதைக் கையில் எடுக்கும்போது, பக்கத்து ஊரைவிட இங்கே வரி கூடவா குறைவா என்று மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்க வேண்டாம். நாலு கேள்விகளைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள்.

இந்தப் பணத்தில் மன்றம் என்னென்ன வேலை செய்யக் கடமைப்பட்டிருக்கிறது? அதில் அன்றாடச் செலவு எவ்வளவு, நாளைக்குப் பயன்படும் முதல் எவ்வளவு? பயன் எந்தத் தெருவுக்குப் போகிறது. கார்ப்பரேஷன் தெருவுக்கா, பின்சந்துக்கா? செய்யாமல் விட்ட வேலையின் விலையை யார் கொடுக்கிறார்கள்?

நாலாவது கேள்விக்கு மன்றத்தின் ஏட்டில் விடை இருக்காது. அடைபட்ட சாக்கடையிலும், கொசு கடித்துக் காய்ச்சலில் படுத்திருக்கும் பிள்ளையின் கட்டில் ஓரத்திலும் அந்த விடை இருக்கும். அதைப் பார்த்து, எழுதி, தேதி போட்டு, நாலு வீட்டார் கையெழுத்திட்டு மன்றத்துக்கு அனுப்பினால், அதுவும் ஒரு கணக்குத்தான்.